அமெரிக்க ஜனாதிபதி மீதான பதவிநீக்க விசாரணை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதி, பார்லிமெண்டின் நம்பிக்கையை இழந்தவுடன் ராஜிநாமாச் செய்யவோ பொதுத் தேர்தலை நாடவோ கடமைப்பட்ட பிரிட்டிஷ் பிரதம மந்திரியைப் போன்றவர் அல்லர். காங்கிரஸின் அதிருப்தி எவ்வளவு முற்றினும், நான்காண்டுத் தவணை முடியுமளவும் பதவியில் நீடிக்கும் உரிமை அவருக்கு உண்டு. குற்றம் புரிந்த ஜனாதிபதியை அத்தவணைக்குள்ளேயே விலக்குவதற்கென அரசியல் சட்டம் வகுத்திருக்கும் வழி பதவிநீக்க விசாரணை ஒன்றே. தேசத் துரோகம், லஞ்சம், ‘வேறு பெருங்குற்றங்களும் துர்நடத்தைகளும்’ ஆகியவற்றை அதற்குரிய காரணங்களாக அச்சட்டத்தின் இரண்டாம் ஷரத்து கூறுகிறது.

காரியம் இரண்டு கட்டங்களாக நடைபெறும். பிரதிநிதிகள் சபை, பெரும்பாலும் தன் நீதிக் கமிட்டியைக் கொண்டு ஆராய்ந்த பின், குற்றப் பிரிவுகளைச் சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்றுகிறது. இத்துடன் ஜனாதிபதி குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆகிறாரேயன்றிப் பதவியிழப்பதில்லை. அதன்பின் செனட் சபை நியாயஸ்தலமாகக் கூடுகிறது. அங்கத்தினர்கள் தனிச் சத்தியப்பிரமாணம் செய்துகொள்ள, பிரதிநிதிகள் சபை அனுப்பும் உறுப்பினர்கள் வாதி தரப்பை நடத்துகிறார்கள். வழக்கமாகச் செனட்டுக்குத் தலைமை வகிக்கும் உதவி ஜனாதிபதியே ஜனாதிபதி நீக்கப்பட்டால் அப்பதவிக்கு வருபவராதலின், ஜனாதிபதியை விசாரிக்கையில் மட்டும் சுப்ரீம் கோர்ட்டின் பிரதம நீதிபதி அக்கிராசனம் வகிக்க வேண்டும் என்பது விதி. வந்திருக்கும் அங்கத்தினருள் மூன்றில் இருபங்கினர் இசைந்தாலன்றிக் குற்றம் ஊர்ஜிதமாகாது. தண்டனையோ பதவி நீக்கமும், செனட் விரும்பினால் இனி எந்த உத்தியோகமும் வகிக்கலாகாது என்ற தடையுமே. சிறையும் அபராதமும் சாதாரண நீதிமன்றங்களின் பாற்பட்டவை. செனட் விசாரிக்கும் முறையைத் தாங்கள் புனராலோசனை செய்வதற்கில்லை என்று சுப்ரீம் கோர்ட் 1993இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் பதவி நீக்கப்பட்ட நீதிபதி ஒருவர். பின்னர்க் கூறப்படும் ஜனாதிபதியைப் போல் அவர் பெயரும் நிக்ஸன் என்றிருந்தது தற்செயலே.

இம்முறையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1376இல் கூடிய பார்லிமெண்டில் காமன்ஸ் சபையார் அரசனின் அதிகாரிகள் மீது குற்றஞ்சாட்ட, பிரபுக்கள் விசாரித்தனர். அமெரிக்கர் இதைக் கைக்கொண்ட காலத்தில் நம் தேசத்தின் பெயரும் அதில் வந்து கலந்தது. 1787 செப்டம்பரில் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் இயற்றப்பட்டபோது, துரோகமும் லஞ்சமும் மட்டுமே காரணங்களாக இருந்த நகலைக் கண்ட, அதை இயற்றியோருள் ஒருவரான ஜார்ஜ் மேஸன், வங்காளத்தில் கவர்னர் ஜெனரலாயிருந்து திரும்பிய வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது அப்போது லண்டனில் எழுந்திருந்த குற்றச்சாட்டைச் சுட்டிக்காட்டி, அத்தகைய குற்றங்கள் துரோகம் என்ற சொல்லில் அடங்கா என்று வாதித்து, ‘நிர்வாகச் சீர்கேடு’ என்பதையும் சேர்க்கக் கோரினார். அவ்வளவு தெளிவற்ற சொல்லை வைத்தால் ஜனாதிபதியின் பதவி செனட்டின் இஷ்டத்தில் தொங்கும் என்று அவர்களுள் மற்றொருவரான மாடிஸன் ஆட்சேபிக்கவே, மேஸன் இங்கிலாந்தின் பழைய சொற்றொடரான ‘பெருங்குற்றங்களும் துர்நடத்தைகளும்’ என்பதை வைத்தார். அதுவும் தெளிவான சொற்றொடரன்று. பிற்காலத்துச் சச்சரவுகளிற் பாதி அதிலிருந்து பிறந்தவை. ஹேஸ்டிங்ஸோ 1788 முதல் ஏழாண்டுகள் விசாரிக்கப்பட்டு, 1795இல் விடுதலையானார்.

முதன்முதலில் இவ்விசாரணைக்கு உள்ளான ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்ஸன். லிங்கன் கொலையுண்டபின் பதவியேற்ற அவர், உள்நாட்டு யுத்தத்தில் தோல்வியுற்ற தென் ராஜ்யங்களிடம் மிகுந்த தயவு காட்டி, விடுதலை பெற்ற கறுப்பரின் உரிமைகளுக்கு இடையூறாக நின்றமையால் காங்கிரஸுடன் ஓயாது மோதினார். செனட்டின் சம்மதத்தோடு நியமிக்கப்பட்டவரை அதன் சம்மதமின்றி நீக்கலாகாது என்று காங்கிரஸ் 1867இல் ஒரு சட்டம் செய்திருந்தது. அதை மீறி, 1868 பிப்ரவரி 21இல் யுத்த மந்திரி எட்வின் ஸ்டாண்டனை ஜான்ஸன் விலக்க, மந்திரி தம் காரியாலயத்தினுள்ளேயே இருந்துகொண்டு வெளியேற மறுத்தார். மூன்று நாட்களுக்குப் பின் பிரதிநிதிகள் சபை 126க்கு 47 என்ற வாக்கில் குற்றஞ்சாட்டியது. செனட்டில் நடந்த விசாரணையைக் காணச் சீட்டுகள் அச்சிட்டு வழங்கும் அளவுக்கு ஜனங்கள் திரண்டனர். அப்போது உதவி ஜனாதிபதி இல்லாமையால், ஜான்ஸன் நீங்கினால் அப்பதவிக்கு வரவிருந்தவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் பெஞ்சமின் வேட். அவரும் நியாயம் வழங்குவோரில் ஒருவராக வீற்றிருந்து, ‘குற்றவாளி’ என்றே வாக்களித்தார் என்பதை அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் கண்டிருந்தால் நாணியிருப்பர். மே 16இல் வாக்கு 35க்கு 19 என்று முடிந்தது, வேண்டியவை 36. குடியரசுக் கட்சியினர் எழுவர், கன்ஸாஸின் எட்மண்ட் ராஸ் உட்பட, தம் கட்சியை மீறி ஜான்ஸனை விடுவித்தனர். ஜான்ஸனின் கொள்கை கண்டிக்கத் தக்கதே. ஆயினும் காங்கிரஸோடு மாறுபட்டதற்காக ஒரு ஜனாதிபதியை நீக்கும் வழக்கம் அன்றே வேரூன்றியிருக்குமாயின், அப்பதவி காங்கிரஸின் ஏவலாகியிருக்கும். அவர் மீறிய சட்டம் 1887இல் ரத்தாயிற்று. அத்தகைய கட்டுப்பாடு செல்லாது என்று 1926இல் சுப்ரீம் கோர்ட்டும் கூறிற்று.

ஜனாதிபதிகளைப் பொறுத்தவரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓய்ந்திருந்த இவ்வாயுதத்தின் உண்மையான வலிமை ரிச்சர்ட் நிக்ஸன் விஷயத்தில் வெளிப்பட்டது, அதுவும் பிரயோகிக்கப்படாமலே. 1972 ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சிக் காரியாலயத்தினுள் சிலர் திருட்டுத்தனமாக நுழைந்து பிடிபட்டதை மூடிமறைக்க அவர் முயன்றார் என்பது வழக்கு. அந்தரங்க உரையாடல்களின் ஒலிப்பதிவு நாடாக்களை ஒப்படைக்குமாறு 1974 ஜூலை 24இல் சுப்ரீம் கோர்ட் ஒருமுகமாகக் கட்டளையிட, அம்மாத இறுதிக்குள் நீதிக் கமிட்டி மூன்று குற்றப் பிரிவுகளை ஏற்றது. தம் கட்சியாரே செனட்டில் தம்மைக் காக்கப்போவதில்லை என்று தெரிந்ததும், பிரதிநிதிகள் சபை வாக்களிக்கு முன்பே, ஆகஸ்டு 9இல் அவர் விலகினார்.

பில் கிளிண்டன், தம் அந்தரங்க நடத்தை குறித்துப் பொய்ச்சாட்சி கூறியதாகவும் நீதிக்கு இடையூறு செய்ததாகவும் 1998 டிசம்பரில் குற்றஞ்சாட்டப்பட்டு, அடுத்த பிப்ரவரியில் விடுதலையானார். இரண்டு பிரிவுகளிலும் செனட்டிற் சாதாரணப் பெரும்பான்மை கூடக் கிட்டவில்லை.

டொனால்ட் டிரம்ப் ஒருவரே இருமுறை குற்றஞ்சாட்டப்பட்டவர். உக்ரைன் விவகாரத்தில் அதிகாரத் துஷ்பிரயோகம் செய்தார் என்று 2019 டிசம்பரில் எழுந்த முதற் குற்றச்சாட்டினின்று 2020 பிப்ரவரியில் அவர் விடுபட்டார். காங்கிரஸ் கட்டடத்தை ஒரு கூட்டம் தாக்கியதன் விளைவாக 2021 ஜனவரி 13இல் வந்த இரண்டாவது குற்றச்சாட்டு விசாரணைக்கு வருகையில் அவர் தவணை முடிந்துவிட்டிருந்தது. பதவியில் இல்லாதவரை விசாரிக்கலாமா என்ற கேள்வி புதிதன்று. 1876இல், சபை வாக்களிக்கும் முன் ராஜிநாமாச் செய்த யுத்த மந்திரி வில்லியம் பெல்நாப்பைச் செனட் விசாரித்தது. ஆதலால் இம்முறையும், பிரதம நீதிபதி தலைமை வகிக்காதபோதிலும், விசாரணை நடந்தது. பிப்ரவரி 13இல் 57 பேர், அவருடைய கட்சியினர் எழுவர் உட்பட, குற்றவாளி என்றனர், தேவைப்பட்டது 67. எனவே எதிர்காலப் பதவிக்குத் தடை ஏதும் விதிக்கப்படவில்லை. 2024 நவம்பரில் அவர் மீண்டும் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.