வீதியில் வேகம் வேறு, ஓடுதளம் வேறு: பந்தயக் கனவோடு இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு

இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கும் நேரத்தில்தான் கல்முனைக்குடி கடற்கரை வீதியில் மோட்டார் சைக்கிள்களின் சத்தம் கிளம்பும். அதில் ஒன்று என் ராத்தாவின் மகனுடையது. அவனுக்கு வயது 22, கராஜில் வேலை. பழைய போர்ட் லேசர் கார் ஒன்றை வாங்கி இரண்டு வருடமாகத் தன் கையாலேயே திருத்தி வருகிறான். ஒரு நாளாவது பந்தயத்தில் ஓட வேண்டும் என்பது அவன் ஆசை. அவனோடு வீதியில் ஓடிய கூட்டாளி ஒருவன் போன நோன்பு மாதம் விழுந்தான். காலில் கம்பி வைத்து இன்னும் நொண்டி நடக்கிறான்.

"தம்பி, நீ படிச்சவன். இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு" என்றார் ராத்தா.

"மாமா, இந்த றோட்டுல என்னை முந்த ஆளில்ல. ட்ராக் என்ன பெரிய விசயமா?" என்றான் அவன்.

இருவருக்கும் சொல்ல என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அதனால் தேடத் தொடங்கினேன். தெரிந்துகொண்டதை, இதே கனவோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

ஓடுதளங்கள் எங்கே இருக்கின்றன?

எங்கள் கரையோரத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. நாட்டில் தார்ப்பாதைப் பந்தயத்துக்குப் பெயர் பெற்றது களுத்துறை மாவட்டத்தின் கட்டுகுருந்த. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதை அது. மண் பாதையில் ஓடும் சுப்பர்குரோஸ் போட்டிகளில் தியத்தலாவையின் பொக்ஸ்ஹில், அநுராதபுரம் சாலியபுரவின் கஜபா ஆகியவை பெரியவை. மலையேற்றப் போட்டி என்றால் நுவரெலியாவின் மாகஸ்தோட்ட. அது 1934 இல் தொடங்கியது.

இந்தப் பெயர்களை எங்கள் ஆட்கள் வேறு விதமாக அறிவார்கள். போர்க்காலத்தில் எங்கள் ஊர்களைச் சுற்றி முகாமிட்டிருந்த விசேட அதிரடிப்படையின் பயிற்சிக் கல்லூரி இருக்கும் இடம் கட்டுகுருந்த. தியத்தலாவையில் இராணுவக் கல்விக்கழகம். சாலியபுரவில் கஜபா படையணி. முகாம் வாசலைக் கண்டால் தலையைக் குனிந்து கடந்த தலைமுறை நாங்கள். மகன் அந்த வாசலால் ஹெல்மெட்டோடு உள்ளே போகப் போகிறான் என்றதும் ராத்தா பேசாமல் இருந்ததற்குக் காரணம் காரின் வேகம் மட்டுமல்ல. இந்தத் தயக்கத்தை வைத்துக்கொண்டேதான் எங்கள் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது.

பயிற்சி ஏன் தேவை?

வேகம் இரு மடங்கானால், நிற்பதற்கு பிரேக் பிடிக்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். 60 கிலோமீற்றரில் ஓடிப் பழகிய கண், 120 இல் எங்கே பிரேக் பிடிப்பது என்பதைத் தானாக அறியாது. அதைச் சுற்றுச் சுற்றாக ஓடித்தான் பழக வேண்டும்.

2024 ஏப்ரல் 21 அன்று பொக்ஸ்ஹில்லில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்தது. 8 வயதுச் சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். ஓடுதளம் என்ற பெயர் மட்டும் உயிரைக் காப்பாற்றாது. தடுப்பு, ஓட்டுநரின் பழக்கம், பார்வையாளர் நிற்கும் தூரம் எல்லாம் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பான இடம்.

2025 ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் கார் துபாயில் 24 மணிநேரப் பந்தயத்துக்கான பயிற்சியின்போது தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். சில நாளில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அவரைக் காத்தவை காருக்குள் இருந்த இரும்புக் கூடும், இருக்கைப் பட்டியும், ஓடுதளத் தடுப்பும். எங்கள் கடற்கரை வீதியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

எப்படித் தொடங்குவது?

முதலில் பார்வையாளராகப் போங்கள். எந்த வகைப் போட்டி என்று முடிவு செய்யுங்கள். தார்ப்பாதை, மண் பாதை, மலைப்பாதை மூன்றுக்கும் கைப்பழக்கம் வேறு. மாஸ்டா, போர்ட் லேசர் கார்களுக்கு 1500 சிசி என்றொரு பிரிவே எங்கள் நாட்டுப் போட்டிகளில் இருந்து வருகிறது. பழைய கார் என்று கூச்சப்பட வேண்டாம்.

கொடிகளை மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. இலக்கத்தோடு கறுப்பு என்றால் நீங்கள் உள்ளே வர வேண்டும். ஓட்டுநர் கூட்டத்தில் மொழி விளங்காவிட்டால் அங்கேயே கேட்டுத் தெளியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதையை முதலில் நடந்து பாருங்கள். ஓடும்போது முதல் சுற்றுகள் மெதுவாக இருக்கட்டும். குளிர்ந்த டயர் பிடிக்காது. வளைவுக்கு முன்னரே, நேராக ஓடும்போதே பிரேக்கை முடியுங்கள். வெளியிலிருந்து உள்ளே வந்து மீண்டும் வெளியே போங்கள். ஒரு சுற்றை வேகமாக ஓடுவதைவிட, பத்துச் சுற்றை ஒரே நேரத்தில் ஓடுவதுதான் பயிற்சி. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள்.

சூடேறும் பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி உள்ளே போய்விடும். ஆகவே போகுமுன் புதிதாக மாற்றுங்கள். சாதாரண சாரதி அனுமதிப்பத்திரம் பந்தயத்துக்குப் போதாது, போட்டி அனுமதி தனியே எடுக்க வேண்டும். வாகனக் காப்புறுதியும் பொதுவாகப் பந்தயச் சேதத்தை ஏற்காது.

காசில்லாதவர்களுக்குக் கணினிப் பயிற்சியும் உதவும். பிரித்தானியாவின் ஜான் மார்டன்பரோ வீடியோ கேம் போட்டியில் 2011 இல் வென்றுதான் உண்மையான காருக்கு வந்தார். ஆனால் அவரையும் பயிற்சி கொடுத்த பின்னரே பந்தயத்தில் இறக்கினார்கள்.

தமிழில் கற்க விரும்பினால் கடல் தாண்டி இரண்டு இடங்கள் உண்டு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் 3.7 கிலோமீற்றர். கோயம்புத்தூரின் கரி ஓடுதளம் 2.1 கிலோமீற்றர். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், இந்தியாவின் முதல் போர்முலா ஒன் ஓட்டுநராக 2005 இல் ஓடியவர். அவரும் 1992 இல் பிரான்ஸின் பந்தயப் பள்ளி ஒன்றில் மாணவனாக உட்கார்ந்தவர்தான்.

இதையெல்லாம் மருமகனிடம் சொன்னேன். பேசாமல் கேட்டுவிட்டு, "அப்ப முதல்ல பிரேக்கைத்தான் பார்க்கணும்" என்றான். அடுத்த போட்டிக்கு இருவரும் பொத்துவில், மொனராகலை வழியாகப் பார்வையாளராகப் போவதாக இருக்கிறோம். ராத்தா கேட்டது ஒன்றே ஒன்று: அதுவரை இரவில் கடற்கரை வீதிக்குப் போகக் கூடாது. அவன் சரி என்றிருக்கிறான்.