கத்தி, ஊசி, மாத்திரை: சினைப்பை நீர்க்கட்டியும் கருத்தரிப்புச் சிகிச்சையின் வரலாறும்

பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி உள்ள பெண்களுக்குக் கருத்தரிப்பு தள்ளிப்போவதன் முதன்மைக் காரணம், கருமுட்டை மாதந்தோறும் முதிர்ந்து வெளிவராததே. வழக்கமான சுழற்சியில் ஃபாலிக்கிள் என்னும் நுண்பைகள் பல ஒருசேர வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு ஏறத்தாழ 20 மி.மீ. வரை வளர்ந்து, வெடித்து, தன்னுள் இருக்கும் முட்டையை வெளியேற்றும். இந்நோய்க்குறியில் அப்படி முந்தும் நுண்பை உருவாவதில்லை. எல்லாமே 10 மி.மீ.க்குள் தேங்கிவிடுகின்றன. ஸ்கேனில் நீர்க்கட்டிகள் என்று காட்டப்படுபவை இப்படித் தேங்கிய நுண்பைகள்தாம். ஆகவே இந்தப் பெண்களின் சினைப்பையில் முட்டைக்குப் பஞ்சமில்லை. நின்றுபோன வளர்ச்சியை மீண்டும் நகர்த்துவது எப்படி என்பதே மருத்துவர்கள் முன் இருந்த கேள்வி. அதற்குக் கண்டறியப்பட்ட வழிகளில் பல, ஏன் பலிக்கின்றன என்பது விளங்குவதற்கு முன்பே பலித்தன.

நோயின் சாயல் முதலில் பதிவானது இத்தாலியில். பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அந்தோனியோ வல்லிஸ்நேரி 1721இல், மணமாகியும் பிள்ளைப்பேறு வாய்க்காத, சற்றே பருத்த இளம் குடியானவப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். அவளுடைய சினைப்பைகள் இயல்பைவிடப் பெரிதாக, மேடுபள்ளமாக, வெளுத்த பளபளப்புடன் புறா முட்டையைப் போல் இருந்தன என்பது அவர் தந்த வர்ணனை. இன்றைய மருத்துவ மாணவர் இதைப் படித்தாலும் நோயின் பெயரைச் சொல்லிவிடுவார். 1844இல் பிரான்சின் ஷெரோ, இறுகித் தடித்த, கட்டிகள் நிறைந்த சினைப்பையின் மாற்றங்களை விவரித்தார். ஆனால் இந்த மாற்றங்களுக்கும் மலட்டுத்தன்மைக்கும் என்ன தொடர்பு என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மயக்கமருந்தும் கிருமிநீக்கமும் வயிற்று அறுவையை எளிதாக்கியபின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி சினைப்பையைக் கடுமையாகவே நடத்தியது. 1872இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பாட்டி, மாதவிடாய்த் துன்பங்களைத் தீர்க்கவென்று நோயற்ற சினைப்பையையே எடுக்கும் அறுவையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் லாசன் டெயிட் கட்டிகள் நிறைந்த இரு சினைப்பைகளையும் அகற்றிவிடுவதை ஆதரித்தார். பிள்ளைப்பேற்றுக்கான வழியை அடியோடு அடைத்துவிடும் இந்த முறை அக்காலத்தில் சிகிச்சை என்ற பெயரில் பரவியது. ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து மீதியைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் ஜெர்மானிய மருத்துவர்களிடம் மெல்லத்தான் உருவானது.

திருப்பம் சிகாகோவில் நிகழ்ந்தது. மைக்கேல் ரீஸ் மருத்துவமனையின் இர்விங் ஸ்டைனும் மைக்கேல் லெவென்தாலும், மாதவிடாய் வராத, சிலருக்கு முகத்தில் முடி வளர்ந்திருந்த, குழந்தையில்லாத ஏழு பெண்களைப் பற்றிய கட்டுரையை 1935இல் வெளியிட்டனர். ஸ்கேன் இல்லாத காலம் அது. வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையில் ஸ்டைன் தேர்ந்தவர். வாயு சூழ்ந்த வெளியில் கருப்பையும் சினைப்பைகளும் நிழலாகத் தெரியும். கருப்பையின் நிழலோடு ஒப்பிட்டுச் சினைப்பை எவ்வளவு பெருத்திருக்கிறது என்று கணிக்க வேண்டும். பின்னர் வயிற்றைத் திறந்து, ஒவ்வொரு சினைப்பையிலிருந்தும் பாதி முதல் முக்கால் பங்கு வரை ஆப்பு வடிவில் வெட்டியெடுத்துத் தைத்தனர். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது; இருவர் கருவுற்றனர்.

சினைப்பையைச் சுற்றியுள்ள தடித்த உறை முட்டையை வெளியே விடாமல் தடுக்கிறது, வெட்டியதால் வழி திறந்தது என்பது ஸ்டைனின் விளக்கம். சிகிச்சை சரி, விளக்கம் தவறு. ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்தன்மை ஹார்மோனைச் சுரக்கும் திசுவில் பெரும்பகுதி வெட்டுண்டதால் அதன் அளவு சரிந்து, மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் உரையாடல் சீரானதே உண்மைக் காரணம். இது தெளிவாவதற்கு ஹார்மோன்களை இரத்தத்தில் அளக்கும் நுட்பம் வரவேண்டியிருந்தது. அதுவரை முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆப்பு அறுவையே பெரிதும் நம்பப்பட்டது. 1963 வாக்கில் கோல்ட்ஸீஹர் என்ற ஆய்வாளர், அதுவரை வெளியான அறிக்கைகளைத் தொகுத்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் கையில் இருந்தது. கருத்தரிப்பு விகிதமோ அறிக்கைக்கு அறிக்கை வெகுவாக மாறுபட்டது. அறுவைக்குப்பின் சினைப்பையும் கருக்குழாயும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது பெருந்தொல்லையாக இருந்தது. முட்டை வெளிவந்தாலும் குழாய்க்குள் நுழைய வழியிராது. குழந்தைக்காகக் கத்தியை ஏற்ற பெண்ணுக்கு அந்தக் கத்தியே புதிய தடையைத் தந்தது.

வெட்டாமல் முட்டையை வளர்க்கும் வழி 1950களின் முடிவில் திறந்தது. நுண்பையை வளர்க்கும் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. சுவீடனில் கார்ல் கெம்செல், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, முட்டை வெளிவரச் செய்ததை 1958இல் அறிவித்தார். ரோமில் செரோனோ நிறுவனத்தின் வேதியியலாளர் பியெத்ரோ டொனினிக்கு வேறொரு ஊற்று கிடைத்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் இந்த ஹார்மோன் மிகுதி. ஆனால் ஒரே வயதினரைக் கொண்டதாகவும், கருவுற்றவர் யாரும் கலந்துவிடாததாகவும், நாள் தவறாமல் சிறுநீர் தருவதாகவும் ஒரு கூட்டம் வேண்டும். முதிய கன்னியாஸ்திரீகள் வாழ்ந்த இத்தாலிய மடங்கள் அந்தத் தேவையைத் தீர்த்தன. துறவறம் பூண்டவர்களிடமிருந்து பெற்ற மருந்தைக் கொண்டு இஸ்ரேலில் புரூனோ லூனென்ஃபெல்ட் சிகிச்சையளித்த பெண்ணுக்கு 1962இல் குழந்தை பிறந்தது.

பிசிஓஎஸ் உள்ள சினைப்பைக்கு இந்த ஊசி இருபுறமும் கூரான ஆயுதம். காத்திருக்கும் நுண்பைகள் ஏராளம் என்பதால், அளவு சற்று மீறினாலும் ஒன்றுக்குப் பதில் பத்துப் பதினைந்து ஒருசேர வளரும். சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, இரத்தம் உறையும் ஆபத்து வரை போகும். ஒரே சூலில் நான்கைந்து குழந்தைகள் உருவானதும் உண்டு. பிட்யூட்டரியிலிருந்து எடுத்த மருந்து இன்னும் கொடிய விளைவைக் கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் அதைப் போட்டுக்கொண்ட சில பெண்கள், பல ஆண்டுகள் கழித்து, குரூட்ஸ்ஃபெல்ட்-யாகோப் என்ற மூளைநோயால் இறந்தனர். அங்கே அந்தத் திட்டம் 1985இல் நிறுத்தப்பட்டது.

எளிய மாத்திரை ஒன்று கிடைத்தது தற்செயலாக. சின்சினாட்டியில் மெர்ரெல் நிறுவனத்தில் ஃபிராங்க் பாலோபோலியின் குழு 1956இல் உருவாக்கிய குளோமிஃபீன், எலிகளில் கருவுறுதலைத் தடுத்தது. பெண்களிடம் அதன் போக்கு நேர்மாறாக இருந்தது. 1961இல் மருத்துவர் ராபர்ட் கிரீன்பிளாட், மருந்து உட்கொண்ட 36 பேரில் 28 பேருக்கு முட்டை வெளிவந்ததற்கான அறிகுறிகள் தெரிந்ததாக எழுதினார். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்தன்மை ஹார்மோன் போதிய அளவில் இருப்பதை மூளை உணராதபடி இம்மருந்து மறைக்கிறது. குறைவென்று எண்ணிய மூளை எஃப்எஸ்ஹெச்சைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. 1967இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் ஆப்பு அறுவை பின்னுக்குப் போனது. குறையும் இருந்தது. மருந்து உடலில் நெடுநாள் தங்கி, கருப்பையின் உட்சுவரை மெலியச் செய்யும். அதனால் முட்டை வெளிவந்த எல்லோருக்கும் கரு தங்கவில்லை.

சினைப்பையை ஸ்கேனில் நேரடியாகப் பார்க்க முடிந்தபின் மாத்திரையைச் சுற்றி ஒரு நடைமுறை உருவானது. இன்று தமிழ்நாட்டின் எந்தக் குழந்தையின்மை சிகிச்சை மையத்திலும் காலை வேளையில் அதைக் காணலாம். மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஒரு ஸ்கேன், பிறகு ஐந்து நாள் மாத்திரை. ஒன்பது, பத்தாம் நாள் முதல் ஒருநாள் விட்டு ஒருநாள் ‘ஃபாலிக்குலர் ஸ்டடி’. கையிலுள்ள சீட்டில் வலது, இடது என்று இரு பத்திகளில் மில்லிமீட்டர் எண்கள் ஏறிக்கொண்டே வரும்: 11, 14, 17. பதினெட்டைத் தாண்டினால் நுண்பை வெடிக்க ஹெச்சிஜி என்னும் ஹார்மோன் ஊசி. வெடித்ததா என்று பார்க்க இன்னொரு ஸ்கேன். பேருந்து பிடித்து வந்து, விடுப்புச் சொல்லி, வீட்டில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி, இந்தச் சீட்டோடு காத்திருப்பது பெரும்பாலும் பெண் தனியாகச் சுமக்கும் வேலை. கணவரின் விந்தணுப் பரிசோதனை தொடக்கத்திலேயே செய்யப்பட வேண்டியது. அது தள்ளிப்போடப்படும் இடங்களில் பெண்ணின் மாதங்கள் வீணாகின்றன.

நோயின் வேர் எங்கே என்ற கேள்விக்குப் பதில் சினைப்பைக்கு வெளியிலிருந்து வந்தது. 1921இலேயே பிரான்சின் ஆஷாரும் தியேரும், முகத்தில் தாடி வளர்ந்த பெண்களிடம் நீரிழிவு இருப்பதை எழுதியிருந்தனர். அந்த இழை நெடுங்காலம் தொடரப்படவில்லை. 1980இல் பர்கன், கிவன்ஸ், கிடாப்சி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இந்நோய்க்குறி உள்ள பெண்களின் இரத்தத்தில் இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் சேர்ந்தே உயர்ந்திருப்பதைக் காட்டினர். உடல் இன்சுலினுக்குச் சரிவரப் பணியாதபோது கணையம் மேலும் சுரக்கிறது, மிகுந்த இன்சுலின் சினைப்பையை ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது, நுண்பைகள் தேங்குகின்றன. இந்தியத் துணைக்கண்டத்துப் பெண்களுக்கு இது மிக நெருக்கமான செய்தி. உடல் எடை அதிகம் ஏறாமலே இன்சுலின் எதிர்ப்பு தோன்றுவது இங்கே பரவலாகக் காணப்படுகிறது.

இந்தப் புரிதலின் முதல் பயன் மருந்துக் கடைக்குப் போகாமலே கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1995இல் வெளியான ஆய்வில், முட்டை வெளிவராத, உடல் பருத்த 13 பெண்கள் ஆறு மாத உணவு, உடற்பயிற்சித் திட்டத்தை முடித்தனர். சராசரியாகக் குறைந்தது ஆறு கிலோ சொச்சம்தான். 12 பேருக்கு முட்டை வெளிவரத் தொடங்கியது. 11 பேர் கருவுற்றனர். இதையே ‘முதலில் எடையைக் குறைத்துவிட்டு வா’ என்ற கடிந்துரையாக மாற்றிச் சொல்லும் வழக்கம் பிறகு வந்தது. ஆனால் அடிலெய்டில் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது வாரந்தோறும் கூடிய குழுவின் துணை. நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினும் 1990களில் இதே தர்க்கத்தில் நுழைந்தது. 2007இல் 626 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு அதன் இடத்தை வரையறுத்தது: குழந்தை பிறந்தது குளோமிஃபீன் குழுவில் 22.5 சதவீதம், மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 7.2 சதவீதம்.

இதற்கிடையே அறுவையும் உருமாறித் திரும்பியது. நார்வேயின் யோனஸ், லேப்ராஸ்கோப் வழியாகச் சினைப்பையில் சில புள்ளிகளை மட்டும் மின்சூட்டால் பொசுக்கும் முறையை 1984இல் வெளியிட்டார். வயிற்றைத் திறக்க வேண்டாம், ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் குறைவு. மாத்திரைக்கு மசியாதவர்களுக்கு இன்றும் இது செய்யப்படுகிறது. நோயை வரையறுப்பதிலும் ஒழுங்கு வந்தது. 2003இல் ரோட்டர்டாமில் கூடிய வல்லுநர்கள், ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் நீர்க்கட்டிச் சினைப்பை ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும் என்றனர்.

அடுத்த மாத்திரை மார்பகப் புற்றுநோய்க்கென வந்த லெட்ரோசோல். டொரண்டோவின் மிட்வாலியும் காஸ்பரும் 2001இல் அதை முட்டை வளர்ச்சிக்குப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டனர். ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே சில நாட்கள் தடுத்துவிட்டு விரைவில் உடலைவிட்டு நீங்குவதால், கருப்பையின் உட்சுவர் கெடுவதில்லை. 2005இல் ஒரு மாநாட்டில், குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம் என்ற ஐயம் எழுப்பப்பட்டது; பின்வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. இந்தியாவில் ஐயத்தின் நிழல் நீண்டது. 2011 அக்டோபரில் குழந்தையின்மைக்கு லெட்ரோசோல் தருவதை மைய அரசு தடைசெய்தது. தடை நீடித்த நேரத்திலேயே, 2014இல், 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு அதன் மேன்மையை நிறுவியது: குழந்தை பிறந்தது லெட்ரோசோல் குழுவில் 27.5 சதவீதம், குளோமிஃபீன் குழுவில் 19.1 சதவீதம். இந்தியத் தடை 2017இல் நீங்கியது. 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் லெட்ரோசோலை முதல் மருந்தாக்கியது.

மாத்திரையும் ஊசியும் கைகொடுக்காதவர்களுக்குச் சோதனைக்குழாய் முறை உண்டு. ஒருகாலத்தில் அச்சுறுத்திய சினைப்பை வீக்கத்துக்கும் அங்கே மாற்று கிடைத்துள்ளது. உருவான கருக்களை உடனே வைக்காமல் உறையவைத்து, சினைப்பை அடங்கிய பின் கருப்பையில் வைக்கிறார்கள். சீனாவில் இந்நோய்க்குறி உள்ள 1,508 பெண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இம்முறையில் குழந்தை பிறப்பு 42.0 சதவீதத்திலிருந்து 49.3 ஆக உயர்ந்தது. சினைப்பை வீக்கம் 7.1 சதவீதத்திலிருந்து 1.3 ஆகக் குறைந்தது.

தமிழ்நாட்டில் கழற்சிக்காய்ச் சூரணம் உள்ளிட்ட சித்த மருந்துகளையும் பலர் நாடுகின்றனர். மேலே சொன்ன மருந்துகளை நூற்றுக்கணக்கான பெண்களிடம் ஒப்பிட்டுச் சோதித்தது போன்ற பெரிய ஆய்வுகள் அவற்றுக்கு இன்னும் நடக்கவில்லை. எந்தச் சிகிச்சையால் கரு தங்கினாலும் அதன்பின் இன்சுலின் சிக்கல் விலகுவதில்லை. அதனால் கருத்தரிக்கும் முன்போ 20 வாரத்துக்குள்ளோ ஒருமுறையும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறையும் குளுக்கோஸ் குடித்துச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்பதையும் அதே 2018 வழிகாட்டுதல் சேர்த்தது.