டர்போ பட்டன் சீட்டு: விளக்கவுரை

மூலம்: பழைய புரோகிராம் ஓட்டும்போது மட்டும் டர்போ பட்டனை எடுத்துவிடவும். முடிந்ததும் மறக்காமல் போடவும்.

இது திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஆபீஸில், எக்ஸ்போர்ட் பில் போடும் எக்ஸ்டி வகைக் கம்ப்யூட்டரின்மேல் ஒட்டிய சீட்டு.

பழைய புரோகிராம் – 1981இல் ஐபிஎம் வெளியிட்ட பிசியின் வேகத்தை நம்பி எழுதப்பட்டது. அதன் 8088 சிப்பின் துடிப்பு 4.77 மெகாஹெர்ட்ஸ். 'பழைய' என்றது வயது பற்றியதன்று; நேற்று எழுதியதாயினும் அவ்வேகத்தை நம்பியது பழையதே என்க.

ஓட்டும்போது மட்டும் – 'மட்டும்' எல்லை குறித்து நின்றது. வேர்ட்ஸ்டாரில் பையருக்குக் கடிதம் அடிப்பார்க்கும், லோட்டஸில் காஸ்டிங் போடுவார்க்கும் இவ்விதி இல்லை என்பது பெறப்பட்டது.

டர்போ பட்டனை எடுத்துவிடவும் – எடுத்தல் ஈண்டுக் கழற்றுதல் அன்று, அமுக்கியதை விடுவித்தல். அமுங்கியிருக்க 8 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ், விடுவிக்க 4.77. வேகத்தின் பேர் பெற்றும் இப்பட்டனாற் கொள்ளும் பயன் வேகம் குறைத்தலே.

வேகத்தைக் குறைப்பானேன் எனின், கூறுதும். அக்காலத்துப் புரோகிராம் எழுதினார் பலர், காத்திருக்க வேண்டிய இடத்துக் கடிகாரத்தை நோக்காது, சிப்பை ஒன்று முதல் பல்லாயிரம் வரை வெறுமனே எண்ணவிட்டனர். பேக்கிங் லிஸ்ட் அச்சிடுமுன் 'பேப்பர் மாட்டுக' என்னும் வரி 5 நொடி நிற்குமாறு எண்ணிக்கை வைத்தால், 10 மெகாஹெர்ட்ஸில் அது இரண்டரை நொடிக்குள் மறையும். கார்பன் வைத்த பேப்பர் நேராகுமுன்னே டாட் மேட்ரிக்ஸ் அடிக்கத் தொடங்கும்; சைஸ்வாரிக் கட்டங்கள் கோணும். சாயப்பட்டறையில் மணி பாராது வின்ச் சுற்றை எண்ணித் தண்ணீர் இறக்குவான், வின்ச் விரைந்தால் சாயம் பிடிக்குமுன்னே இறக்குவான், அஃதொக்கும்.

மதர்போர்டிலேயே நொடிக்கு ஏறத்தாழ 18 முறை மாறாது தட்டும் டைமர் உண்டு. அதனைக் கேட்டு எழுதினார்க்கு இச்சீட்டு வேண்டா. கேளாமை சோம்பல் என்றே கொள்க.

அஃதேல், 286 கம்ப்யூட்டரிலும் பட்டனை எடுத்தல் போதுமோ எனின், சிலவிடத்துப் போதாது. ஒரு துடிப்பில் 286 செய்யும் வேலை 8088 செய்வதினும் மிகுதி. ஆகலின் மெகாஹெர்ட்ஸ் ஒத்தவிடத்தும் வேகம் ஒவ்வாது.

முடிந்ததும் – பிரின்ட் முடிந்து டாஸுக்கு மீண்டபின். இடையில் அமுக்கலாகாது என்பது குறிப்பு.

மறக்காமல் போடவும் – மறத்தல் இயல்பாதலின் விதந்து கூறினார். மறந்தவன் கெடான், அடுத்து அமர்வானே கெடுவான். லோட்டஸ் ஷீட் கணக்கிட இருமடங்கு நேரமாக, கம்ப்யூட்டர் பழுதென்று சர்வீஸ்காரரை அழைப்பன்.