பாட்டியின் கொம்பு

2010 மே 16 அன்று ரோனி ஜேம்ஸ் டியோ வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். ரசிகர்கள் ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் கொம்பு மாதிரி உயர்த்தித்தான் விடைகொடுத்தார்கள்.

1979இல் பிளாக் சப்பாத், ஓஸி ஆஸ்போர்னை வெளியேற்றிவிட்டு டியோவைச் சேர்த்தது. ஓஸி மேடையில் இரு விரலால் சமாதானச் சின்னம் காட்டுவார். டியோவும் அதையே காட்டினால் நகல். எதுவுமே காட்டாவிட்டால் அந்நியன். (வேலையை விட்டுப் போனவரின் புரோகிராமைக் கையில் வாங்கியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.) அவர் தன் இத்தாலியப் பாட்டியிடம் பார்த்ததை எடுத்துக்கொண்டார். கண்திருஷ்டி படாமலிருக்கப் பாட்டி காட்டும் கொம்பு அது. நம்ம வீடுகளில் உப்பு, மிளகாய் சுற்றிப் போடுகிறோமே, அதே பயம்தான்.

தானே கண்டுபிடித்ததாக டியோ சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் மெட்டல் கச்சேரிகளுக்கே அது பொதுச் சின்னமாகிவிட்டது. இன்னிக்கு ஓஸியின் ரசிகர்களும் அதைத்தான் உயர்த்துகிறார்கள்.

நான் சப்பாத்தைக் கேட்க ஆரம்பித்ததே 1980இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்திலிருந்துதான். எனக்கு ஓஸிதான் பின்னால் வந்தவர்! 2006இல் டோனி ஐயோமியும் கீஸர் பட்லரும் டியோவோடு மறுபடி சேர்ந்தபோது சப்பாத் என்ற பெயரை விட்டுவிட்டார்கள். புதுக் குழுவுக்கு அந்த ஆல்பத்தின் பெயரையே வைத்தார்கள். கடைசிவரை டியோ அந்தப் பெயரில்தான் பாடினார்.