சிறுநீரக, சிறுநீர்ப்பாதை மதிப்பீடு (செவிலியம்)

சிறுநீரக, சிறுநீர்ப்பாதை மதிப்பீடு என்பது சிறுநீரகங்கள், சிறுநீர் நாளங்கள், சிறுநீர்ப்பை, சிறுநீர்ப் புறவழி ஆகியவை எப்படி இயங்குகின்றன என்பதைக் கேட்டும் பார்த்தும் தொட்டும் அளந்தும் செவிலியர் கணித்துப் பதிவு செய்யும் முறை. நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் பொறுப்பு. நோயாளியின் உடலுக்குள் எவ்வளவு நீர் போயிற்று, எவ்வளவு பிரிந்தது, பிரிந்த நீர் என்ன நிறம், கால் வீக்கம் நேற்றைவிடக் கூடியதா என்பதை மணிக்கு மணி அறிந்திருப்பவர் செவிலியர். ஆய்வகத்துக்குப் போகும் சிறுநீரும் பெரும்பாலும் அவர் கைவழியேதான் போகிறது. எனவே முடிவுச்சீட்டில் வரும் எண்ணின் நம்பகத்தன்மை வார்டிலேயே முடிவாகிவிடுகிறது.

உடற்கூற்று அடிப்படை

வளர்ந்தவரின் சிறுநீரகம் ஒன்று ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ளது. கல்லீரலுக்குக் கீழே இருப்பதால் வலச் சிறுநீரகம் இடத்ததைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் நெஃப்ரான்கள் எனப்படும் நுண் வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உண்டு. இதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இவ்விரு உறுப்புகளுக்கு வருகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் வடிகட்டப்பட்டாலும், மிகப் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டு 1 முதல் 2 லிட்டர் வரையே சிறுநீராக வெளியேறுகிறது.

வரலாறு

சிறுநீரைப் பார்த்து நோயறியும் வழக்கம் மருத்துவத்தின் மிகத் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. ஆயுர்வேத நூல்கள் பிரமேகம் என்ற நோய்த்தொகுதியை 20 வகையாகப் பிரித்தன. கபத்தால் 10, பித்தத்தால் 6, வாதத்தால் 4. இவற்றுள் மதுமேகம் என்பது தேன்போல் இனிக்கும் சிறுநீரால் பெயர் பெற்றது. அதே நோய்க்குத் தமிழில் வழங்கும் நீரிழிவு என்ற பெயரிலும் சிறுநீரே முன்னிற்கிறது.

சித்த மருத்துவம் இத்துறையை நுட்பமாக வளர்த்தது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வில் சிறுநீர் ஓர் உறுப்பு. தேரையர் பெயரால் வழங்கும் நூல்கள் இதை நீர்க்குறி, நெய்க்குறி என இரண்டாகப் பகுக்கின்றன. நீர்க்குறி என்பது நிறம், எடை, நாற்றம், நுரை, எஞ்சல் என்ற ஐந்தையும் நோக்குவது. நெய்க்குறியில், காற்றில் அசையாமல் வைத்த கலத்துச் சிறுநீரின் மேல் நல்லெண்ணெய் ஒரு துளி விடப்படும். அது பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்து பரவினால் பித்தம், முத்துப்போல் திரண்டு நின்றால் கபம் என்று கொள்வர்.

செவிலியத்தை ஒட்டி நோக்கும்போது, எண்ணெய்த் துளியைவிடக் கவனிக்கத்தக்கது அத்துளி விடப்படுவதற்கு முன் உள்ள ஒழுங்கு. முன்னாள் உணவு அளவாகவும் உரிய நேரத்திலும் அமைந்திருக்க வேண்டும். நோயாளி நன்றாக உறங்கியிருக்க வேண்டும். விடியலில் பிரியும் நீரையே கலத்தில் ஏந்த வேண்டும். குறித்த நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காலை முதல் சிறுநீரைக் கொண்டுவரச் சொல்லும் இன்றைய ஆய்வக வழக்கமும் மாதிரியின் நேரத்தையும் நிலையையும் வரையறுப்பதில் இதே கவலையைக் கொண்டது.

ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த ஜில் த கோர்பே சிறுநீர் நோக்கு முறையைச் செய்யுளில் பாடி வைத்தார். மட்டுலா எனப்பட்ட உருண்டைக் கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நிறம் பார்ப்பதே இடைக்கால மருத்துவரின் அடையாளச் சித்திரமாயிற்று. சிறுநீர் நிறங்களைச் சுற்றிலும் வரைந்த வண்ணச் சக்கரங்களும் புழக்கத்தில் இருந்தன. நாளடைவில் நோயாளியை நேரில் பாராமலே குடுவையைப் பார்த்து எதிர்காலம் சொல்லும் கேலிக்கூத்தாக இது சீரழிந்தது. 1637இல் இங்கிலாந்தின் தாமஸ் பிரையன் இத்தகைய ‘மூத்திரச் சோதிடர்’களைச் சாடித் தனிநூலே எழுதினார்.

வேதியியல் நுழைந்த பின்னரே இத்துறை தேறியது. 17ஆம் நூற்றாண்டில் ஃபிரடெரிக் டெக்கர்ஸ், சூடாக்கி அசெட்டிக் அமிலம் சேர்த்தால் சில நோயாளிகளின் சிறுநீர் திரிவதைக் கண்டார். 1776இல் மாத்யூ டாப்சன் நீரிழிவு நோயாளியின் சிறுநீரை வற்றவைத்து, இனிப்புக்குக் காரணம் சர்க்கரையே என்று காட்டினார். 1827இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடல் வீக்கம், சூட்டில் திரியும் சிறுநீர், பழுதுபட்ட சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒரே நோயின் கூறுகளாக இணைத்தார். அதற்கு அவருக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கரண்டியில் சிறுநீரை ஏந்தி மெழுகுவத்திச் சுடரில் காட்டுவார். ஆல்புமின் என்ற புரதம் இருந்தால் அது முட்டை வெண்கரு வெந்ததுபோல் வெளுத்துத் திரளும்.

1886இல் மேக்ஸ் யாஃபே, சிறுநீரில் வெளியேறும் தசைக்கழிவான கிரியாட்டினினுக்கான நிறவினையைக் கண்டறிந்தார். 1926இல் பால் பிராண்ட் ரேபெர்க் கிரியாட்டினின் வெளியேறும் வேகத்தைக் கொண்டு சிறுநீரகத்தின் வடிகட்டு திறனைக் கணித்தார்.

பிரைட்டின் கரண்டி செவிலியர் கையில் சோதனைக்குழாயாக மாறியது. குழாயில் மூன்றில் இரு பங்கு சிறுநீர் எடுத்து, மேற்பகுதியை மட்டும் சாராய விளக்கில் காட்ட வேண்டும். மேலே கலங்கிக் கீழே தெளிவாக நின்றால் வேறுபாடு கண்ணுக்கு எளிதில் படும். கலங்கியதும் சில சொட்டு அசெட்டிக் அமிலம் விட வேண்டும். கலங்கல் மறைந்தால் அது பாஸ்பேட் உப்பு, மறையாவிட்டால் ஆல்புமின். சர்க்கரைக்கு, 5 மில்லி பெனடிக்ட் கரைசலைக் கொதிக்கவைத்து 8 சொட்டுச் சிறுநீர் விட்டு மறுபடியும் சூடாக்குவர். நீலம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை; பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் ஏற ஏறச் சர்க்கரையும் கூடுதல். 1956இல் ஆல்ஃபிரட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ இணையரின் ஆய்வால் முக்கியெடுக்கும் குளுக்கோஸ் பட்டை விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு விளக்கும் குழாயும் வார்டிலிருந்து மெல்ல விலகின.

நோக்கிப் பதிவதையே செவிலியின் தனித்திறனாக ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியான தம் செவிலிய நூலில் வலியுறுத்தினார். வார்டுகளில் இன்று கட்டிலருகே தொங்கும் நீர் வரவு-செலவு அட்டை அந்த மரபைச் சேர்ந்தது.

வகைப்பாடு

சிறுநீர் அளவை ஒட்டிய வகைப்பாடு: நாளுக்கு 400 மில்லிக்குக் குறைந்தால் சிறுநீர்க் குறைவு, 3 லிட்டருக்கு மேற்பட்டால் மிகைச் சிறுநீர், கிட்டத்தட்ட ஒன்றுமே பிரியாவிட்டால் சிறுநீரின்மை. சிறுநீர் உற்பத்தியாகாத நிலையும், உற்பத்தியாகிப் பையில் அடைபட்டு நிற்கும் நிலையும் வேறு வேறு. நோயாளி இரண்டையும் ‘நீர் பிரியலை’ என்றே சொல்வார்.

திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பை 2012ஆம் ஆண்டின் சர்வதேச நெறிமுறை மூன்று அளவுகோல்களால் வரையறுக்கிறது. 48 மணி நேரத்தில் குருதிக் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 0.3 மி.கி. உயர்வது, 7 நாளுக்குள் அது ஒன்றரை மடங்காவது, 6 மணி நேரம் சிறுநீர் ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 0.5 மில்லிக்குக் குறைவது ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலே போதும். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கடைசி அளவுகோல் மணிக்கு 30 மில்லி, 6 மணி நேரத்துக்கு 180 மில்லி என்றாகும். அதாவது ஒரு சிறு தம்ளர். கிரியாட்டினின் ஏறுவதற்கு ஒன்றிரண்டு நாளாகலாம். சிறுநீர் அதற்கு முன்பே குறையக்கூடும் என்பதால் மணிக்கணக்கு அளவீடே முந்திய எச்சரிக்கை.

நாட்பட்ட சிறுநீரக நோய் வடிகட்டு வேகத்தைக் கொண்டு படிகளாகப் பிரிக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 90 மில்லியும் அதற்கு மேலும் முதற்படி. 60 முதல் 89 வரை இரண்டாம் படி. 45 முதல் 59 வரை 3அ. 30 முதல் 44 வரை 3ஆ. 15 முதல் 29 வரை நான்காம் படி. 15க்குக் கீழ் ஐந்தாம் படி. முதல் இரண்டு படிகளை நோய் எனச் சொல்ல, சிறுநீரில் ஆல்புமின் போன்ற வேறு பழுதுக்குறியும் இருக்க வேண்டும். எந்தக் கோளாறும் மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும்.

மதிப்பீட்டு முறை

வினவல். இரவில் எத்தனை முறை எழுகிறார், எரிச்சலோ கடுப்போ உண்டா, தாரை மெலிந்ததா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா, தும்மினால் கசிகிறதா, நுரை அடங்காமல் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். வலி மாத்திரை, நாட்டு மருந்து உட்படச் சாப்பிடும் எல்லாவற்றையும் கேட்பது கட்டாயம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாக இருப்பது இயல்பு. பீட்ரூட்டும் சிலருக்குச் சிவப்பாக்கும். பெண்களிடம் மாதவிடாய் நாளைக் கேளாமல் ‘சிறுநீரில் ரத்தம்’ என்று எழுதலாகாது. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல் திடீர்க் குழப்பமாகவே வெளிப்படுவதுண்டு.

உடற்பரிசோதனை. சிறுநீரக நோயின் வீக்கம் காலையில் கண்ணைச் சுற்றி முதலில் தெரியலாம். கணுக்காலிலும் முன்னங்காலிலும் விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பர். படுக்கையிலேயே இருப்பவருக்குக் கீழ்முதுகில் பார்க்க வேண்டும். கடைசி விலா எலும்பும் முதுகெலும்பும் சேரும் கோணத்தில் உள்ளங்கையை வைத்து, மறுகை முட்டியால் மெல்லத் தட்டும்போது நோயாளி வலியில் துள்ளினால் சிறுநீரகத் தொற்றோ கல்லோ ஐயுறத்தக்கது. தொப்புளுக்குக் கீழே தட்டும்போது மந்தமான ஒலி வந்தால் பை நிரம்பியிருக்கிறது. டயாலிசிசுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனி-சிரை இணைப்பு) வைத்தவருக்கு அவ்விடத்தில் விரலுக்கு அதிர்வும் ஸ்டெதஸ்கோப்புக்கு இரைச்சலும் தட்டுப்பட வேண்டும். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதும் வழக்கமான ஊசி போடுவதும் கூடாது.

எடை. ஒரு கிலோ எடைக் கூடுதல் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர்த்தேக்கம். தினமும் ஒரே நேரத்தில், சிறுநீர் கழித்த பின், ஒரே கருவியில், ஒத்த உடையில் எடுத்த எடையே நீர் வரவு-செலவு அட்டையைவிட நம்பத்தக்கது. வியர்வையும் பேதியும் எழுதாமல் விட்ட காபியும் அட்டையில் ஏறுவதில்லை.

சிறுநீர் மாதிரி. தொற்றை அறிய, முதலில் வரும் நீரை விட்டுவிட்டு நடுத்தாரையைப் பிடிக்க வேண்டும். கதீட்டர் உள்ளவருக்கு மாதிரி எடுக்கும் வாயிலைத் துடைத்துச் சிரிஞ்சால் எடுக்க வேண்டும்; சேகரிப்புப் பையில் தேங்கியதை எடுக்கலாகாது. சோதனைப் பட்டைக் குப்பியின் மூடி திறந்தே கிடந்தால் ஈரம் ஏறிப் பட்டை பொய் சொல்லும். வைட்டமின் சி மிகுதியாகச் சாப்பிட்டவருக்குச் சர்க்கரையும் ரத்தமும் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

24 மணி நேரச் சேகரிப்பில், காலை 6 மணிக்குத் தொடங்குவதாயின் அப்போது கழிப்பதைக் கொட்டிவிட வேண்டும். அதன் பின் கழிப்பது அனைத்தையும், மறுநாள் 6 மணிக்குக் கழிப்பது உட்பட, சேர்த்து வைக்க வேண்டும். ஒருவருக்கு 1,500 மில்லி சேர்ந்து, சிறுநீர்க் கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 60 மி.கி., குருதியில் 1 மி.கி. எனில், வடிகட்டு வேகம் நிமிடத்துக்கு 62.5 மில்லி. அவர் நள்ளிரவில் மறந்துபோய்க் கழிவறையில் 300 மில்லி விட்டுவிட்டால் அதே கணக்கு 50 மில்லி என்று வரும். சிறுநீரகம் மாறவில்லை, நோயாளி மட்டும் தாளில் ஒரு படி இறங்கிவிட்டார்.

குருதிச் சோதனை. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவதால், மெலிந்தவரிடம் அந்த எண் ஏமாற்றும். 1976இல் வெளியான காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கின்படி, கிரியாட்டினின் 1.0 உள்ள 25 வயது, 70 கிலோ ஆணின் வடிகட்டு திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 112 மில்லி, அதே 1.0 உள்ள 75 வயது, 40 கிலோ மூதாட்டியின் திறன் ஏறத்தாழ 31 மில்லி. பின்வந்த வேறு சமன்பாடுகளில் நோயாளியின் இனத்தைப் பொறுத்து எண்ணை மாற்றிய, அடிப்படையற்ற இனத் திருத்தம் 2021ஆம் ஆண்டின் புதிய சமன்பாட்டில் நீக்கப்பட்டது. பொட்டாசியம் இயல்பாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலென்ட் வரை. அதற்கு மேல் ஏறினால் இதயத் துடிப்பையும் கண்காணிக்க வேண்டும்.

இன்றைய நிலை

சிறுநீர்ப்பையில் மீந்த சிறுநீரைக் கதீட்டர் நுழைக்காமலே அளக்கும் ஸ்கேனர் பல மருத்துவமனைகளில் உள்ளது. இலங்கையில் அநுராதபுரம் மாவட்டத்தின் மதவாச்சி, வடமத்திய மாகாணத்தின் பதவியா போன்ற உழவர் பகுதிகளில் 1990களிலிருந்து அறியப்படும், காரணம் துலங்காத சிறுநீரக நோயில் ஆல்புமின் குறைவாகவோ இல்லாமலோ இருப்பதால், பட்டைச் சோதனை மட்டும் போதுவதில்லை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வயிற்றறை வழி டயாலிசிசுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. அந்நோயாளிகளின் எடையும், உள்ளே விட்ட நீரும் வெளியே வந்த நீரும் இப்போது வீட்டாரின் நோட்டில் எழுதப்படுகின்றன.