கல்யாண் துறையும் மரப்பதிப்புக் கலையும்: ஈட்டிக் கட்டை முதல் ஸ்க்ரோல் ரம்பம் வரை

முன்னுரை

பல நிற மரங்களைச் சிறு துண்டுகளாக அறுத்து, இடைவெளி தோன்றாதவாறு ஒன்றோடொன்று பொருத்தி உருவம் சமைக்கும் கலை மரப்பதிப்பு ஆகும். இக்கலையில் மூன்று வகைகள் உண்டு. அடிப்பலகையில் குழி தோண்டி அக்குழியில் வேறு நிறத் துண்டை அழுத்துவது ஒரு வகை. மெல்லிய மரத்தகடுகளை இணைத்துப் பலகையின் மேற்பரப்பு முழுவதும் ஒட்டுவது மற்றொரு வகை. தடித்த துண்டுகளைத் தனித்தனியே அறுத்து, விளிம்புகளை உருட்டித் தேய்த்து, புடைப்புத் தோற்றம் வருமாறு சேர்ப்பது மூன்றாம் வகை. இன்டார்சியா என்னும் இத்தாலியச் சொல் முற்காலத்தில் முதல் இரு வகைகளையும் குறித்தது. இன்று வீட்டுப் பட்டறைகளில் ஸ்க்ரோல் ரம்பம் கொண்டு செய்யப்படும் மூன்றாம் வகையையே அது பெரிதும் குறிக்கிறது.

இது மேலைநாட்டினின்று அண்மையில் வந்த பொழுதுபோக்கு என்ற எண்ணம் எளிதில் எழக்கூடும். ஆயினும் மும்பையிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உல்லாஸ் ஆற்றை ஒட்டி அமைந்த கல்யாண் நகரையும் அதன் சுற்றுவட்டத்தையும் நோக்கும்போது, இக்கலைக்குரிய மரமும் தொழிலும் இப்பகுதிக்குப் பழையன என்பது புலனாகும். அத்தொடர்பை நிறுவுவதும், அரிய பொருள்களை நம்பி வளர்ந்த தொழில் அப்பொருள்கள் மறைந்தபோது எந்நிலை எய்தியது என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

காழும் நிறமும்

மரப்பதிப்பில் வண்ணம் என்பது மரத்தின் வயிரமே ஆகும். வெளிறு பெரும்பாலும் வெளுத்த நிறத்தது. பூச்சிக்கும் எளிதில் இரையாவது. மரத்துக்கு மரம் நிறம் வேறுபடுவது உள்வயிரத்தில்தான். தொல்காப்பிய மரபியல், உள்ளே காழ் உடையவற்றை மரம் என்றும் புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும் பகுத்தது. மரத்தை அதன் வயிரத்தால் அடையாளங்காணும் இப்பார்வை தச்சனின் பார்வைக்கு மிக அணுக்கமானது.

ஈட்டியின் ஊதா கலந்த கருமை, தேக்கின் பொன்பழுப்பு, பலாவின் மஞ்சள், கருங்காலியின் கருநிறம், வெட்பாலையின் தந்தம் போன்ற வெண்மை ஆகியன தீட்டப்படாத வண்ணங்கள். இவற்றோடு இழையோட்டமும் சேர்ந்தே உருவத்தை முழுமையாக்குகிறது. பறவையின் சிறகிற்கு இழை நீண்டோடும் துண்டும், நீருக்கு அலைபோல் வளைந்தோடும் துண்டும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஓவியன் தூரிகையால் செய்வதை இக்கலைஞன் தேர்வினால் செய்கிறான் எனலாம்.

பதித்தலைக் குறிக்கப் பழந்தமிழில் குயிற்றுதல், இழைத்தல், அழுத்துதல் முதலிய பல வினைச்சொற்கள் வழங்கின. இவை மணியையும் பொன்னையும் பதிக்கும் தொழிலோடு மிகுதியும் இணைந்தவை. பொருத்து வேலையின் நுட்பத்தையும் பழந்தமிழ்ப் புலவர் அறிந்திருந்தனர். நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனையின் இரட்டைக் கதவுகள், கைத்திறன் மிக்க கம்மியன் முடுக்கியமையால் இடைவெளி அற்று அமைந்தன என்று கூறப்படுகிறது. அந்நூலே அரசியின் கட்டிலை வருணிக்குமிடத்து, நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தத்தால் அது அமைந்ததைக் கூறுகிறது. இடைவெளியின்மையே பொருத்து வேலையின் முதல் இலக்கணம் என்ற கருத்து இதனால் பெறப்படுகிறது. இன்டார்சியாவை மதிப்பிடும் அளவுகோலும் இதுவே.

கல்யாணும் மர வணிகமும்

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட செங்கடல் பெரிப்ளூஸ் கல்யாணைக் கல்லியேனா எனக் குறிக்கிறது. முன்பு முறையான வணிகத்துறையாக விளங்கிய அவ்வூரில் பின்னர் வணிகம் தடைப்பட்டதென்றும், அங்கு வந்த கிரேக்கக் கலங்கள் காவலுடன் பரிகாசாவுக்கு, அதாவது இன்றைய பரூச்சுக்கு, கொண்டு செல்லப்பட்டனவென்றும் அந்நூல் உரைக்கிறது. பரிகாசாவிலிருந்து பாரசீக வளைகுடாத் துறைகளுக்குத் தேக்கும் கருங்காலியும் சசமினா என்னும் கட்டைகளும் சென்றன என்பதும் அந்நூற் செய்தியே. ஆறாம் நூற்றாண்டின் காஸ்மாஸ் இண்டிகோபிளூஸ்டஸ் கல்லியானாவின் ஏற்றுமதிப் பொருள்களுள் செம்பையும் துணியையும் இத்தகைய கட்டைகளையும் சேர்த்துக் கூறுகிறார். சசமினா என்பதைச் சீசம் அல்லது ஈட்டி இனத்து மரமாக அறிஞர் கொள்வர்.

கல்யாண் மரம் ஏற்றிய துறை மட்டுமன்று. கைவினைஞர் வாழ்ந்த ஊருமாகும். கன்ஹேரிக் குடைவரைக் கல்வெட்டுகளில் கல்யாணைச் சேர்ந்தோர் கொடையாளராக இடம்பெறுகின்றனர். கல்யாணிலிருந்து புணே செல்லும் மலைவழியில் உள்ள கார்லே குடைவரையின் வாயிலைத் தேனுகாகடத்தைச் சேர்ந்த சாமி என்னும் தச்சன் செய்ததாக அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. அக்குடைவரையின் கூரையில் பொருத்தப்பட்ட பழைய தேக்கு வளைவுகள் இன்றும் நிற்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் சிவாஜி கல்யாணைக் கைப்பற்றியபின் அப்பகுதியில் கப்பல் கட்டத் தொடங்கினார் என்பதும் இவண் நினையத்தக்கது.

தமிழகத்தோடு இந்நிலத்துக் கைவினைஞர்க்கு இருந்த தொடர்பை மணிமேகலை காட்டுகிறது. புகாரின் அரசப் பொழிலில் இருந்த மண்டபத்தை, மகதம், அவந்தி, யவனம் ஆகிய நாடுகளின் தொழிலாளரோடு மராட்ட நாட்டுக் கம்மரும் தமிழ்நாட்டு வினைஞரும் கூடிச் சமைத்தனர் என்று சாத்தனார் பாடுகிறார். காப்பியக் கற்பனை என்று கொண்டாலும், ஒரு நிலத்தின் தொழில்நுட்பம் மற்றொரு நிலத்தில் மதிக்கப்பட்டது என்ற வழக்கை அது உணர்த்துகிறது.

பம்பாய்ப் பெட்டி

கல்யாணின் துறைமுகச் சிறப்புக் குன்றிப் பம்பாய் தலைதூக்கிய பின்னர், அந்நகரத்தின் பெயரையே தாங்கிய ஒரு மரப்பதிப்பு உலகச் சந்தையில் புகழ் பெற்றது. அது பம்பாய்ப் பெட்டி வேலை. சூரத்தில் சடேலி என்று வழங்குவது. ஜார்ஜ் பேர்ட்வுட் 1880இல் வெளியிட்ட இந்தியத் தொழிற்கலைகள் பற்றிய நூலில், இக்கலை பாரசீகத்தின் ஷீராஸ் நகரிலிருந்து சிந்து வழியாகப் பம்பாய்க்கு வந்தது எனக் குறித்துள்ளார். ஈரானில் காத்தம் என்று வழங்கும் வேலைப்பாட்டின் முறையும் இதுவே.

இதன் செய்முறை நுண்ணியது. தந்தம், மான்கொம்பு, கருங்காலி, பதிமுகம் எனப்படும் சப்பங்க மரம், சந்தனம் ஆகியவற்றை முக்கோணம் முதலிய வடிவுடைய மெல்லிய நீள்குச்சிகளாகச் சீவுவர். தந்தத்துள் ஒரு பகுதிக்குப் பச்சை நிறம் ஏற்றுவர். வெள்ளீயக் கம்பிகளையும் இடையிட்டு, குறுக்கே வெட்டினால் விண்மீன் வடிவம் தோன்றுமாறு குச்சிகளைக் கட்டாக ஒட்டுவர். ஒட்டிய கட்டினைக் குறுக்காக மெல்லிய தகடுகளாக அறுத்தால் ஒவ்வொரு தகட்டிலும் அதே கோலம் அமையும். அத்தகடுகளைப் பெட்டியின் மேல் ஒட்டி மெருகேற்றுவர். ஒருமுறை கட்டிய கட்டிலிருந்து பல பெட்டிகளுக்குரிய கோலம் கிடைப்பதால், நுட்பமும் மிகுதியான ஆக்கமும் ஒருங்கே கைகூடின.

எழுதுபெட்டி, தையற்பெட்டி, கையுறைப் பெட்டி என ஐரோப்பியர் விரும்பிய வடிவங்களே மிகுதியும் செய்யப்பட்டன. வாங்குவோர் கடல்கடந்தும் ஆட்சிப்பணியிலும் இருந்தோராதலின், அவர்தம் சுவை மாறியபோது தொழில் தளர்ந்தது. இன்று சூரத்தில் மிகச் சில குடும்பங்களே இதனைத் தொடர்கின்றன. பார்சிகளிடையே பெட்டிகாரா என்னும் குடும்பப் பெயர் இத்தொழிலின் நினைவாக நிற்கிறது.

மைசூர்ப் பதிப்பும் தந்தத் தடையும்

சடேலி வடிவியற் கோலங்களை நாடியது. மைசூர்ப் பதிப்பு உருவங்களை நாடியது. ஈட்டிப் பலகையில் குழி தோண்டி, வில் ரம்பத்தால் அறுத்த துண்டுகளை அழுத்தி, யானையும் தேரும் மரமும் தோன்றச் செய்வது அதன் இயல்பு. 1897இல் தீப்பற்றியபின் ஹென்றி இர்வின் வரைபடப்படி எழுந்து 1912இல் நிறைவுற்ற மைசூர் அரண்மனையின் அம்பா விலாச மண்டபத்தில், தந்தம் பதித்த ஈட்டிக் கதவு இக்கலையின் உச்சநிலைக்குச் சான்றாக உள்ளது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தையும், 1991ஆம் ஆண்டுத் திருத்தம் இறக்குமதித் தந்தத்தின் வணிகத்தையும் தடுத்தன. யானைகளின் அழிவை நோக்க இத்தடை இன்றியமையாததே. ஆயினும் வெண்மை ஒன்றிற்காகத் தந்தத்தைச் சார்ந்திருந்த கைவினைஞர் புதிய பொருளைத் தேட வேண்டியதாயிற்று. சிலர் பிளாஸ்டிக்கை நாடினர். பலர் பல நிற மரங்களை நாடினர். பின்னவர் வழியே கலைக்கு வளம் சேர்த்தது. தந்தக் கோடுகளால் அமைந்த அலங்காரம், மரநிறங்களால் அமைந்த நிலக்காட்சியாக விரிந்தது. மைசூர் ஈட்டிப் பதிப்புக்குப் பின்னர்ப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அடுத்து ஈட்டிக்கும் நெருக்கடி வந்தது. தமிழ்நாடு 1994இல் ஈட்டி மரப் பாதுகாப்பிற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 2017 சனவரி முதல் ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றது. கல்யாண் துறை ஏற்றியனுப்பியதாகக் கருதப்படும் மர இனம் இன்று காக்கப்பட வேண்டியதாகிவிட்டது.

வில் ரம்பமும் வீட்டுப் பட்டறையும்

இன்டார்சியா என்ற சொல்லின் அடியாகிய தார்சியா, பதித்தலைக் குறிக்கும் தர்ஸீ என்ற அரபுச் சொல்லினின்று பிறந்தது என்பர். ஆகவே ஐரோப்பியக் கலையின் பெயரும் கிழக்கின் தொடர்பைக் காட்டுகிறது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் உர்பினோவில் கோமகன் ஃபெடரிகோ தா மான்டெஃபெல்ட்ரோவின் படிப்பறைச் சுவர்கள் இக்கலையால் அமைந்தன. பாதி திறந்த அலமாரிகளும் நூல்களும் இசைக்கருவிகளும் மெய்யெனத் தோன்றுமாறு அவை மரத்துண்டுகளால் ஆக்கப்பட்டன. குப்பியோவில் இருந்த அவருடைய மற்றொரு படிப்பறை இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பிரான்சின் ஆந்த்ரே சார்ல் பூல் (1642-1732) இரு வேறு பொருள்களின் தகடுகளை அடுக்கி ஒரே அறுப்பில் வெட்டும் முறையைப் பெருவழக்காக்கினார். ஒன்றில் விழும் துளையில் மற்றதன் துண்டு அமைவதால் பொருத்தம் எளிதாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெல்லிய அலகு பூட்டிய வில் ரம்பமும் மிதிவிசை ரம்பமும் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் புகுந்தன. இங்கிலாந்தில் 1895இல் தொடங்கிய ஹாபீஸ் வார இதழ் அறுப்புக்குரிய வரைபடங்களைப் படிப்போர்க்கு வழங்கியது. 20ஆம் நூற்றாண்டில் மின்விசை ஸ்க்ரோல் ரம்பம் வீட்டுப் பட்டறைக்கெனவே செய்யப்பட்டது.

இக்கருவியில் ஏறத்தாழ ஐந்து அங்குல நீளமுள்ள மெல்லிய அலகு மேலும் கீழுமாக இயங்கும். மரத்தையே கையால் திருப்பி வளைவுகளை அறுப்பர். உள்துளை அறுக்க, முதலில் சிறு துளையிட்டு அலகை அதனுள் நுழைத்துப் பூட்டுவர். மேசைக்கு அலகு செங்குத்தாக நில்லாவிடின் துண்டின் மேல்முகமும் அடிமுகமும் வேறுபடும். பொருத்து வாய் பிளக்கும். ஆதலின் கருவி மாறினும், நெடுநல்வாடைக் கம்மியனுக்கு உரிய கவனமே இங்கும் தேவைப்படுகிறது.

கல்யாணில் இன்றைய வாய்ப்பு

1854 மே மாதம் கல்யாணுக்கு இருப்புப்பாதை வந்தது. 1871இல் ராய்ச்சூரில் சென்னைப் பாதையோடு மும்பைப் பாதை இணைந்தபின், தமிழ்நாட்டிலிருந்து அவ்வழியே மும்பைக்குச் செல்வோர் கல்யாணைக் கடந்தே சென்றனர். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் நிலைகொண்ட தமிழ்க்குடும்பங்கள் நகரம் விரிந்தபோது டோம்பிவிலி, கல்யாண் வரை பரவின. பிரிவினைக்குப்பின் கல்யாணை ஒட்டிய படைமுகாம் நிலத்தில் சிந்தி அகதிகள் குடியேற்றப்பட்டு, அது 1949இல் உல்லாஸ்நகர் எனப் பெயர் பெற்றது. அந்நகர் இன்று மரச்சாமான் சந்தைக்குப் பெயர்பெற்றது.

மரச்சாமான் பட்டறையில் விறகாகக் கழியும் தேக்கு, வேம்பு, மா, பலாத் துண்டுகள் இன்டார்சியாவுக்கு முதற்பொருள்களாகும். உள்ளங்கை அளவினும் சிறிய துண்டும் ஒரு கிளியின் அலகுக்கோ ஒரு இதழுக்கோ போதும். ஸ்க்ரோல் ரம்பம் ஒரு சிறு மேசையில் அடங்குவது. அடுக்ககத்தில் வாழ்வோர் எதிர்கொள்ளும் தடைகள் தூசியும் ஒலியுமே. நுண்தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்வதாதலின் முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் தவிர்க்கவியலாதன. ஈட்டி இன மரங்களின் தூள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் உண்டாக்கும்.

வீட்டுப் பொழுதுபோக்கு, கைவினைஞரின் வாழ்வாதாரத்திற்கு ஈடாகாது என்பது தெளிவு. சடேலிக் கட்டினைக் கோணம் பிசகாமல் கட்டும் பயிற்சி, குருவின் அருகிருந்து பல ஆண்டுகள் கற்க வேண்டியது. ஓய்வுநேரத்தில் அதனைப் பெற்றுவிட இயலாது. ஆயினும் பதிப்பு வேலையின் கடுமையைத் தன் கையால் அறிந்தவனே அதன் விலையையும் அறிவான். அத்தகைய அறிவுடையோர் இல்லாமையும் பம்பாய்ப் பெட்டியின் தளர்ச்சிக்கு ஒரு காரணம் எனக் கருதலாம். அப்பெட்டியை வாங்கியோர் தொலைவில் இருந்தனர். செய்தோரின் அண்டை அயலார் அதனை வாங்கவுமில்லை, பயிலவுமில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

கல்யாண் பகுதி மர வணிகத்தோடும் தச்சுத் தொழிலோடும் இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்புடையது. பாரசீகம், சிந்து, சூரத், பம்பாய் என்ற வழியே வந்த சடேலியும், இத்தாலியில் வளர்ந்த இன்டார்சியாவும் கிழக்கு, மேற்கு என்ற எல்லைக்குள் அடங்காத ஒரே கலையின் கிளைகள்.

தந்தத்தையும் அரிய மரங்களையும் சார்ந்த பதிப்பு வேலை, அவை கிடைக்காதபோது தளர்ந்தது அல்லது மாறியது. இழையோட்டத்தையும் பொருத்தத்தையும் சார்ந்த வேலைக்கு அத்தகைய தளர்ச்சி நேரவில்லை. எனவே கலையின் உயிர்நிலை பொருளின் அருமையில் இல்லை. இடைவெளியற்ற பொருத்தத்தில் உள்ளது.

காழ், வெளிறு, குயிற்றுதல், இழைத்தல் போன்ற சொற்கள் தமிழில் இருந்தும், இக்கலை பயில்வோர் பெரிதும் அயன்மொழிக் கையேடுகளையே நாடுகின்றனர். மும்பைப் பகுதியிலும் தமிழகத்திலும் உள்ள தச்சரிடம் வழங்கும் மர, கருவி, செய்முறைச் சொற்களைத் தொகுப்பது தமிழாய்வுத் துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். கைவேலை மறைந்தால் அதன் சொல்லும் உடன் மறையும்; சொல் எஞ்சினால், கழிவுத் துண்டுகளைக் கொண்டேனும் அக்கைவேலையை மீண்டும் கற்கலாம்.