ஒரே கூரை, தனித்தனி மேசை

1969 மே 13ஆம் தேதி கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அவசரகாலம் வந்தது, நாடாளுமன்றம் முடக்கப்பட்டது. 19 நாள் கழித்து, ஜூன் 1ஆம் தேதி, பினாங்கில் ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது. அன்று அதன் பெயர் பினாங்குப் பல்கலைக்கழகம். பிறகுதான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆனது. பினாங்கில் யாரும் அப்படி முழுசாகச் சொல்வதில்லை. ‘யூ.எஸ்.எம்.’ என்றால் டாக்சிக்காரருக்கும் தெரியும்.

இந்த 19 நாள் இடைவெளி தற்செயலானது. கோரிக்கை அதற்கு முன்பே இருந்தது. 1962இலேயே பினாங்குச் சட்டமன்றம் இங்கே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டது. 1967 ஆகஸ்டில் துங்கு அப்துல் ரஹ்மான் சுங்கை ஆராவில் அடிக்கல் நாட்டினார். சுதந்திரத் துறைமுகம் என்ற தகுதியை இழந்துகொண்டிருந்த தீவு, தன் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் தேடியது. ஆனால் கதவு திறந்த நேரத்தில் நாட்டுக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. இந்த மூன்று இனத்துப் பிள்ளைகளையும் எப்படி ஒன்றாக உட்கார வைப்பது?

அந்தக் கேள்விக்கு 50 வருடத்துக்கு மேலாக நாம் சொல்லிவரும் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் பொறியியல் படித்தது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில். இப்போது பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. படித்த காலத்தில் என் அறையில் கிளந்தான் பையன் ஒருவன் இருந்தான். ஆய்வுக்கூடக் குழுவை மெட்ரிக் எண் வரிசைப்படி பிரித்ததால் என் குழுவில் எல்லா இனமும் இருந்தது. பூப்பந்து ஆடும்போதும் யாரும் யாரையும் பிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் சாயங்காலம் உணவுக்கூடத்துக்குப் போனால் வாசலில் நின்று ஒருமுறை கண்ணை ஓட்டுவோம். “நம்ம பசங்க எங்கடா?” அவ்வளவுதான். கால் தானாக அந்த மேசைக்குப் போகும். மலாய் மாணவர்களும் சீன மாணவர்களும் அப்படித்தான். யாரும் சண்டை போடவில்லை, யாரும் யாரையும் விரட்டவில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த நண்பரைக் கேட்டாலும் இதே கதைதான்.

‘மனுஷ சுபாவம்பா, அவனவன் பாஷை பேசுறவனோட உட்காருறான்’ என்று இதை முடித்துவிடலாம். பாதி உண்மை அது. மீதிப் பாதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போய், சிங்கப்பூரில் இருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் 1949இல் உருவான மலாயாப் பல்கலைக்கழகம் முதலில் இருந்தது அங்கேதான். பினாங்குப் பிள்ளைகளும் கப்பலிலோ ரயிலிலோ அங்கேதான் போய்ப் படித்தார்கள்.

1953இல் அங்கு சோஷலிஸ்ட் மன்றம் என்ற மாணவர் அமைப்பு தொடங்கியது. அதன் பத்திரிகையின் பெயர் ‘ஃபஜார்’. மலாய் மொழியில் விடியல். 1954 மே மாதம் அதில் வந்த ஒரு தலையங்கத்துக்காக ஆசிரியர் குழுவைச் சேர்ந்த எட்டு மாணவர்கள்மீது ராஜத்துரோக வழக்குப் போட்டது பிரிட்டிஷ் அரசு. அந்த எட்டுப் பேரின் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி, தாமஸ் வர்கி, போ சூ காய், குவா பூ சுன், லாம் குவான் கிட், எட்வின் தம்பு. இங்கிலாந்திலிருந்து டி.என். பிரிட் வந்து வாதாடினார். அவருக்குத் துணை வழக்கறிஞராக நின்றவர் லீ குவான் இயூ. எட்டுப் பேரும் விடுதலையானார்கள்.

இந்தப் பட்டியலில் தமிழரும் மலையாளியும் சீனரும் கலந்திருப்பது யாரோ கணக்குப் பார்த்துச் செய்த வேலை இல்லை. எந்த இனத்துக்கு எத்தனை இடம் என்று யாரும் ஒதுக்கவில்லை. காலனி ஆட்சி போக வேண்டும் என்ற பொது விஷயம் இருந்தது, அதைப் பேச ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தில் சந்தித்தவர்கள் நண்பர்கள் ஆனார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று நான் கண்ணீர் விடப்போவதில்லை. அந்தப் பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். ஒரு மலாய்ப் பெயர்கூட இல்லை. அங்கே கலந்து பேசியவர்கள் ஆங்கிலம் படித்த, பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைகள். கம்பத்து மலாய்ப் பையன் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே வர முடியவில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பையன் நிலைமையும் அதேதான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு பால்மரம் வெட்டப் போனவர்கள் அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் என்று நம் வீட்டுத் தாத்தாக்களைக் கேட்டாலே தெரியும். அது இனம் தாண்டிய நட்புதான். ஆனால் வர்க்கம் தாண்டிய நட்பு இல்லை.

மே 13க்குப் பிறகு அரசு இதைத்தான் கையில் எடுத்தது. தேசிய நடவடிக்கை மன்றம் டாக்டர் மஜீத் இஸ்மாயில் தலைமையில் ஒரு குழுவை அமைத்து மலாயாப் பல்கலைக்கழக மாணவர் வாழ்க்கையை ஆராயச் சொன்னது. 1971இல் அறிக்கை வந்தது. அறிவியல், பொறியியல், மருத்துவம் ஆகிய துறைகளில் மலாய் மாணவர்கள் மிகக் குறைவாக இருப்பதை அது சுட்டிக்காட்டியது. பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் விகிதம் நாட்டின் இன விகிதத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு அரசியலமைப்பின் 153ஆவது பிரிவில் 8ஏ என்ற உட்பிரிவு சேர்ந்தது. உயர்கல்வி நிலையங்களில் இடங்களை ஒதுக்கிவைக்க அது வழிசெய்தது. புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

பினாங்குப் பல்கலைக்கழகம் அதுவரை புக்கிட் குளுகோரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக் கட்டடத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்தியது. 1971இல் அது மிண்டன் முகாமுக்கு இடம் மாறியது. சுமார் 240 ஹெக்டேர். பிரிட்டிஷ் ராணுவம் விட்டுவிட்டுப் போன இடம். 1759இல் ஜெர்மனியில் நடந்த ஒரு போரின் பெயரைத்தான் அந்த மேட்டுக்கு வைத்திருந்தார்கள், இன்றுவரை அப்படியே நிற்கிறது. மாணவர் விடுதிகளுக்கு யூ.எஸ்.எம். வைத்த பெயர் மட்டும் புதிது: ‘டேசாசிஸ்வா’. மாணவர் கிராமம் என்று பொருள். பல ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே கிராமமாக வாழ வேண்டும் என்ற ஆசை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஆனால் அதே 1971இல் இன்னொரு சட்டமும் வந்தது. பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம். மலாய்ச் சுருக்கத்தில் ‘ஆக்கு’. மாணவர்கள் அரசியல் கட்சிகளோடும் தொழிற்சங்கங்களோடும் வைத்துக்கொள்ளும் உறவுக்கு அது கடிவாளம் போட்டது. 1969 தேர்தலுக்கு முன் மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் சொந்தமாக ஒரு கொள்கை அறிக்கை எழுதி, ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டிருந்தது. மாணவன் மேடை ஏறினால் என்ன ஆகும் என்று அரசு பார்த்துவிட்டது.

1974 இறுதியில் கெடாவின் பாலிங்கில் சிறு ரப்பர்த் தோட்டக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள். ரப்பர் விலை விழுந்து, அரிசி விலை ஏறியிருந்த நேரம். அவர்கள் மலாய் விவசாயிகள். ஆனால் ரப்பர் விலை என்பது மலாய் விவசாயியின் பிரச்சினை மட்டுமா? பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழனின் அடுப்பும் அதை நம்பித்தான் எரிந்தது. டிசம்பர் 3ஆம் தேதி கோலாலம்பூரில் மாணவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அன்வார் இப்ராஹிமும் விரிவுரையாளர் சைட் ஹுசின் அலியும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். 1975இல் ஆக்கு திருத்தப்பட்டது. அப்போது கல்வி அமைச்சர் மகாதீர். கட்சிக்கோ தொழிற்சங்கத்துக்கோ ஆதரவு, அனுதாபம், எதிர்ப்பு என எதையும் மாணவர் காட்டக்கூடாது என்றானது. பணம் திரட்டவும் தடை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கை எல்லா இனத்துப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் முதல் பட்டதாரிகள் வந்தார்கள், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. இன்னொரு கை, அவர்கள் சேர்ந்து பேசக்கூடிய பொது விஷயங்களை எடுத்துப் பூட்டிவைத்தது.

பூட்டிய பிறகு என்ன மிஞ்சியது? பண்பாடு மிஞ்சியது. இந்திய மாணவர் கலாச்சாரக் கழகம், சீன மாணவர் கழகம், சமய அமைப்புகள். பொங்கல் விழா, தீபாவளி இரவு, சீனப் புத்தாண்டு, ஹரிராயா விருந்து. அனுமதி சுலபமாகக் கிடைத்தது இவற்றுக்குத்தான். ஆக, ஓர் இளைஞனுக்குள் இருக்கும் அமைப்பாகும் ஆசை, பேசும் ஆசை, தலைமை ஏற்கும் ஆசை எல்லாமே அவனவன் இனக் கழகத்துக்குள் போய்ச் சேர்ந்தது. பிறர் விழாவுக்கு வந்து கைதட்டுவது ‘ஒற்றுமை’ ஆனது. பர்மாவையும் ஜாவாவையும் ஆராய்ந்த ஃபர்னிவால் என்ற ஆங்கிலேயர், காலனி நாட்டு இனங்கள் சந்தையில் மட்டும் சந்தித்துவிட்டுத் தத்தம் வீட்டுக்குத் திரும்புகின்றன என்று 1940களிலேயே எழுதினார். நம் வளாகத்தில் சந்தைக்குப் பதிலாக விழா மேடை வந்தது.

தமிழ் மாணவர் அமைப்புகளை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்திலிருந்து முதல்முறையாக வரும் ஒரு தங்கச்சிக்குப் படிவம் நிரப்பித் தந்தது அக்கா அண்ணன்மார்தான். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை சிறுகதைப் போட்டி நடத்தி ‘பேரவைக் கதைகள்’ தொகுப்புகளைக் கொண்டுவந்திருக்காவிட்டால் இந்த நாட்டுத் தமிழ்ச் சிறுகதை இன்னும் மெலிந்திருக்கும். எண்ணிக்கையில் குறைந்தவன் தனக்கென்று ஒரு மேசை போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. அந்த மேசையைத் தவிர வேறு மேசையே இல்லாமல் போனதுதான் சிக்கல்.

பூட்டு பிறகு மெதுவாகத் திறந்தது. 2010இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நேரத்தில் அங்கே போன தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர்மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. மூவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். நால்வரும் சேர்ந்தே நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2012இல் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்று சட்டம் திருந்தியது. 2018 டிசம்பரில் வளாகத்துக்குள் அரசியல் பேசுவதற்கான தடையையும் நாடாளுமன்றம் நீக்கியது. 2021 டிசம்பர் முதல் 18 வயதில் ஓட்டும் வந்துவிட்டது.

தடை போய்விட்டது, மேசைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. 40 வருடம் என்பது ஒரு பழக்கம் வேர்பிடிக்கப் போதுமான காலம். பள்ளியிலும் பிரிந்தே படிக்கிறோம்: தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளி. மெட்ரிகுலேஷனில் 90க்கு 10 என்ற கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் ஒரு கோபம் எழுகிறது. நியாயமான கோபம். அந்தக் கோபத்தைப் பக்கத்து அறைக்காரனிடம் பேசத் தெரியாமல் நம் வாட்ஸ்அப் குழுவுக்குள்ளேயே பேசி முடிக்கிறோம். அவனும் அவன் குழுவில் நம்மைப் பற்றி எதையாவது பேசிக்கொண்டிருப்பான்.

பழக்கத்தைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது. இன்னொரு விழா நடத்தியும் மாற்ற முடியாது. ஃபஜார் காலத்திலும் சரி, பாலிங் காலத்திலும் சரி, உலு சிலாங்கூர் வழக்கிலும் சரி, மாணவர்களைச் சேர்த்தது ஒரு பொது விஷயம். நமக்கு அப்படி ஒன்று இல்லையா என்ன? 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கல்விக்கடனை நான் இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் கிளந்தான் அறைத்தோழனும் கட்டுகிறான். ஆய்வுக்கூடத்தில் என்னோடு சர்க்யூட் கருக்கிய ஈப்போ சீனத் தோழியும் கட்டுகிறாள். பட்டதாரிக்குக் கொடுக்கும் ஆரம்பச் சம்பளத்தில் வாடகையும் கடனும் போக மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு மூன்று மொழியிலும் ஒரே விடைதான் தருகிறது.

இந்த வருடம் வளாகத்துக்குப் போகும் தம்பி தங்கச்சிகள் நம் மேசையில் உட்காரட்டும், பொங்கல் வைக்கட்டும், கதை எழுதட்டும். அதோடு ஒரு நாள், தீபாவளி அழைப்பிதழ் எதுவும் கையில் இல்லாமல், அடுத்த மேசைக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “உனக்குக் கடன் எவ்வளவு?”